சலமாங்காவின் இரண்டு வாக்கியங்கள்

இலக்கியம் வாசிப்பவர்களாகிய நமக்கு ஒரு பழைய நோய் உண்டு. நல்ல வாக்கியம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால், அதைச் சொன்னவர் யார், எங்கே சொன்னார், பக்கத்தில் இருந்து கேட்டவர் எவர் என்றெல்லாம் விசாரிக்க மாட்டோம். வாக்கியத்தின் ஒளியே அதற்குச் சான்று என்று நம்பிவிடுவோம். ஸ்பெயினின் சலமாங்காப் பல்கலைக்கழகத்தைப் பற்றி நம்மில் ஒருவர் நாலு வரி எழுத நேர்ந்தால் அவற்றில் இரண்டேனும் இந்த நோயின் விளைவாகவே இருக்கும். நாங்களும் அப்படி எழுதியவர்கள்தாம், அரங்குகளில் உணர்ச்சி பொங்கச் சொன்னவர்கள்தாம். எனவே இது பிறர்மேல் மட்டும் தொடுக்கும் வழக்கு அன்று.

முதல் வாக்கியம் லூயிஸ் தெ லெயோனுடையது. அகுஸ்தீனியத் துறவி, கவிஞர், சலமாங்காவில் இறையியல் பேராசிரியர். புனித விசாரணை மன்றத்தின் சிறையில் ஐந்தாண்டுக் காலம் கிடந்து வெளிவந்தவர், தம் வகுப்பறைக்குத் திரும்பி, காத்திருந்த மாணவர்களை நோக்கி, நேற்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது போல என்று பாடத்தைத் தொடங்கினாராம். ஐந்தாண்டுச் சிறையை ஒரே இரவாக்கிவிட்ட அந்தப் பெருமிதத்தை எத்தனை முறை சிலாகித்திருக்கிறோம்! அவருடைய பெயரால் அழைக்கப்படும் விரிவுரைக்கூடத்தைப் பல்கலைக்கழகம் இன்றும் காத்துவருகிறது. கரடுமுரடான மரக்கட்டைகளே இருக்கைகள். மாணவர்கள் கத்தியால் செதுக்கிய எழுத்துகள் அவற்றில் நிறைந்திருக்கின்றன. அங்கே நிற்கும் எவருக்கும் அந்த வாக்கியம் காதில் விழத்தான் செய்யும்.

ஆனால் அவ்வாக்கியம் அச்சில் முதன்முதலாகத் தலைகாட்டுவது 1623-இல், நிக்கோலாஸ் குருசேனியுஸ் என்பவர் லத்தீனில் எழுதிய அகுஸ்தீனிய சபை வரலாற்றில். லூயிஸ் தெ லெயோன் இறந்தது 1591-இல். அவர் சிறையிலிருந்து மீண்டது 1576 டிசம்பரில். அதாவது, சம்பவத்துக்கும் சாட்சிக்கும் இடையே 46 ஆண்டுகள். உடனிருந்து கேட்ட மாணவன் ஒருவனும் எழுதி வைக்கவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் பழைய இருக்கைக்குத் திரும்பவேயில்லை. அந்த இருக்கையில் அதற்குள் வேறொருவர் அமர்ந்திருந்தார். அதன்மீது தமக்கிருந்த உரிமையை விட்டுக்கொடுத்தார் லெயோன். பல்கலைக்கழகம் அவருக்கெனப் புதிய பாடவேளை ஒன்றை ஏற்படுத்தித் தந்தது. 1577 ஜனவரியில் அவர் தொடங்கியது புதிய பாடம். நேற்றைய பாடத்தின் தொடர்ச்சியாக இருக்க அங்கே நேற்று என்று ஒன்று இல்லை.

இதனால் என்ன கெட்டுவிட்டது, அழகான தொன்மம்தானே என்று கேட்பவர்களுக்கு, அந்த வாக்கியம் எதை மறைக்கிறது என்று காட்ட வேண்டியிருக்கிறது. லூயிஸ் தெ லெயோனைச் சிறைக்கு அனுப்பியது எங்கிருந்தோ வந்த ஒரு கொடுங்கோலன் அன்று. அதே பல்கலைக்கழகத்தில் அவருக்குச் சமமாக அமர்ந்திருந்தவர்கள். லெயோன் தெ காஸ்த்ரோ அங்கே கிரேக்கப் பேராசிரியர். பர்த்தலோமே தெ மெதினா தொமினிக்கச் சபையைச் சேர்ந்த இறையியலாளர். விவிலியத்தின் லத்தீன் மொழிபெயர்ப்பைவிட எபிரேய மூலத்தை உயர்வாகக் கருதினார், உன்னதப்பாட்டை ஒரு கன்னியாஸ்திரீக்காகக் காஸ்தியன் மொழியில் பெயர்த்தார் என்பவை குற்றச்சாட்டுகளில் முதன்மையானவை. இறையியல் வாதமாகத் தொடங்கியதன் அடியில் சபைகளுக்கிடையிலான போட்டியும், இருக்கைகளுக்கான தேர்தலில் தோற்றவர்களின் கசப்பும், யூத மூதாதையர் வழி வந்தவர் என்ற குறிப்பும் கலந்திருந்தன. பல்கலைக்கழக அரசியலை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது.

கைதானவர் அவர் மட்டுமா? எபிரேயம் அறிந்த மூவர் 1572 மார்ச்சில் ஒருவர்பின் ஒருவராகப் பிடிக்கப்பட்டனர். மார்த்தீனெஸ் தெ கந்தலாபியெத்ரா ஒருவர். காஸ்பர் தெ கிராஹால் மற்றொருவர். கிராஹால் 1575-இல் வல்லதோலித் சிறையிலேயே இறந்துபோனார். தீர்ப்பைக்கூட அவர் கேட்கவில்லை. அவருக்கு வாக்கியம் இல்லை. ஆகையால் சிலையும் இல்லை. பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற முகப்புக்கு எதிரே 1869-இல் நிறுவப்பட்ட வெண்கலத் துறவி வலக்கையை நீட்டி நிற்கிறார். சுற்றுலா வருபவர்கள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முகப்பின் சிற்ப நெரிசலில் மண்டையோட்டின்மேல் அமர்ந்திருக்கும் தவளையைத் தேடுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்கும் மாணவன் தேர்வில் தேறுவான் என்பது ஐதிகம். அந்தத் தவளையைத் தேடுபவர்களைப் பார்த்து நகைக்கும் தகுதி வாக்கியத்தைத் தேடும் நமக்கு உண்டா என்பது ஐயமே.

நேற்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது போல என்ற வாக்கியம் யாருக்கு வசதியானது? சிறையிருந்தவர் அதைச் சொன்னால் அது மன்னிப்பு. நிறுவனம் அதைச் சொல்லிக்கொண்டால் அது மறதி. காட்டிக்கொடுத்த பேராசிரியர்களும் வாய்மூடியிருந்த பேராசிரியர்களும் அவ்வொரு வாக்கியத்தில் கரைந்துபோகிறார்கள். எதுவும் நடக்கவில்லை, பாடம் தொடர்கிறது. அதை அப்படியே எடுத்துக் கையாளும் நாம், நிறுவனத்தின் மறதிக்கு இலவசமாகக் கவிதை எழுதிக் கொடுக்கிறோம்.

இரண்டாம் வாக்கியம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1936 அக்டோபர் 12. உள்நாட்டுப் போர் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகவில்லை. சலமாங்காப் பல்கலைக்கழகத்தின் விழா மண்டபத்தில் இனத்தின் நாள் கொண்டாட்டம். மேடையில் ஃபிராங்கோவின் மனைவி கார்மென் போலோ, பிஷப் பிளா இ தெனியெல், ஒரு கையையும் ஒரு கண்ணையும் போரில் இழந்த ஜெனரல் மிய்யான் அஸ்த்ராய். தலைமை வகித்தவர் ரெக்டர் மிகெல் தெ உனாமுனோ, 72 வயது. ஜெனரல் சாவு வாழ்க என்று முழங்க, கிழவர் எழுந்து, இது அறிவின் ஆலயம், நான் இதன் தலைமைப் பூசாரி, உங்களால் வெல்ல முடியும், ஆனால் இணங்கவைக்க முடியாது என்ற பொருள்படப் பேசினார் என்பதே நாமறிந்த கதை. எழுத்தாளன் அதிகாரத்தின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்ன தருணம் என்று நாம் மாலை போட்டு வைத்திருக்கும் காட்சி.

அந்த உரையை அந்த வடிவத்தில் எழுதியவர் லூயிஸ் போர்த்தில்யோ. குடியரசுத் தரப்பைச் சேர்ந்த, லண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த சட்ட ஆசிரியர். சிரில் கொனலி நடத்திய ஹொரைஸன் இதழில் 1941 டிசம்பரில் அது ஆங்கிலத்தில் வெளியாயிற்று. போர்த்தில்யோ அன்று மண்டபத்தில் இல்லை. கேள்விப்பட்டவற்றைக் கொண்டு, தாம் மதித்த ஆசானுக்காக ஓர் இலக்கியக் காட்சியை அமைத்தார். அதில் தவறேதும் இல்லை. இலக்கிய இதழில் வந்த இலக்கியப் படைப்பு அது. ஹ்யூ தாமஸ் தமது ஸ்பானிய உள்நாட்டுப் போர் வரலாற்றில், 1961-இல், அதை ஆவணம்போல் எடுத்தாண்டபோது அது வரலாறாகிவிட்டது. பிறகு யார் கேட்பது? 2018-இல், பல்கலைக்கழகம் தன் 800-ஆவது ஆண்டைக் கொண்டாடிய அதே ஆண்டில், அதன் நூலகர் செவெரியானோ தெல்காதோதான் இந்தப் பாதையை அடியொற்றிப் பின்னோக்கி நடந்து சென்று லண்டன் இதழில் கொண்டுபோய் நிறுத்தினார். வீரர்களைத் தேடித் திரியும் நம்மைப் போன்றவர்கள் 77 ஆண்டுகள் செய்யாததை ஒரு நூலகர் செய்தார்.

அப்படியானால் உனாமுனோ ஒன்றுமே பேசவில்லையா? பேசினார். பேசுவதாக இல்லாதவர் எழுந்து பேசினார். ஒலிப்பதிவு இல்லை. மறுநாள் உள்ளூர்ச் செய்தித்தாள்கள் மற்ற எல்லோருடைய உரைகளையும் வெளியிட்டு அவருடையதை மட்டும் விழுங்கிவிட்டன. மிஞ்சியிருப்பது ஒரு காகிதம். மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, சட்டைப்பையில் இருந்த கடிதமொன்றை எடுத்து அதன்மேல் அவர் கிறுக்கிய சில சொற்கள். வெல்வது, இணங்கவைப்பது என்ற சொல்லிணை அதில் இருக்கிறது. வெறுப்பு, இரக்கம் என்று இருக்கிறது. கதலான்களும் பாஸ்குகளும் இருக்கிறார்கள். ஒரு பெயரும் இருக்கிறது: ரிசால்.

இந்தப் பெயரில் சற்று நிற்போம். ஹோசே ரிசால் பிலிப்பைன்ஸின் நாவலாசிரியர். மத்ரித்தில் படித்தவர். 1896 டிசம்பரில் ஸ்பானிய அரசால் மணிலாவில் சுட்டுக் கொல்லப்பட்டவர். உனாமுனோ அவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறார். 1907-இல் வெளிவந்த ரிசால் வாழ்க்கை வரலாற்றுக்கு நீண்ட பின்னுரை அவருடையது. மிய்யான் அஸ்த்ராயோ அதே பிலிப்பைன்ஸ் எழுச்சியை அடக்கச் சென்ற படையில் இளம் அதிகாரியாக இருந்தவர். ஸ்பானியப் பேரரசின் பெருமையைப் பாட வைத்த விழாவில், அப்பேரரசு கொன்ற ஓர் ஆசிய எழுத்தாளனின் பெயரை ரெக்டர் உச்சரித்தார். ஜெனரலைக் கொதித்தெழச் செய்தது அந்தப் பெயரே என்பது தெல்காதோவின் வாதம். எங்களுக்கு அது மிகவும் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் உலகம் சுற்றிய அந்தப் புகழ்பெற்ற வடிவத்தில் ரிசால் கிடையாது. தொன்மம் தன் வேலையை எவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறது, பாருங்கள். குடியேற்ற நாட்டின் நாவலாசிரியனை வெளியே தள்ளிவிட்டு, ஐரோப்பிய அறிவுஜீவியும் ஐரோப்பிய சர்வாதிகாரமும் மோதும் தூய நாடகமாக்கிவிட்டது. ஆசியாவில் இருந்துகொண்டு நாமும் அந்த வடிவத்தையே பாராட்டினோம்.

தொன்மம் வெளியே தள்ளியவை வேறும் உண்டு. அதே உனாமுனோ ஜூலையில் இராணுவக் கிளர்ச்சியை ஆதரித்தார். அதற்காகக் குடியரசு அரசாங்கம் ஆகஸ்டில் அவரை ரெக்டர் பதவியிலிருந்து நீக்கியது. கிளர்ச்சியாளர்கள் செப்டம்பரில் அவரைத் திரும்ப அமர்த்தினார்கள். அம்மாதமே, கிளர்ச்சித் தரப்பின் நியாயத்தை எடுத்துரைத்து உலகப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் சலமாங்கா ஒரு செய்தி அனுப்பியது. அதில் ரெக்டரின் ஒப்பம் இருந்தது. அக்டோபர் 12 அன்று அவர் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்ததே ஃபிராங்கோவின் பிரதிநிதியாகத்தான். இதையெல்லாம் சொன்னால் உனாமுனோவைச் சிறுமைப்படுத்துகிறோம் என்று நண்பர்கள் சினம் கொள்கிறார்கள். எங்கள் கணிப்பு நேர்மாறானது. தொடக்கம் முதலே சரியாக இருந்த ஒருவர் ஒருநாள் வீர வசனம் பேசுவதில் என்ன அதிசயம்? தாம் ஒப்பமிட்ட காகிதத்தின் மை காய்வதற்குள், தம் நண்பர்கள் ஒவ்வொருவராகக் கொண்டுசெல்லப்படுவதைக் கண்டு, எல்லோருக்கும் முன்னால் தம்மைத் தாமே மறுத்துக்கொள்ள நேர்ந்த முதியவர் நமக்குக் கற்பிக்கக்கூடியது அதிகம். அந்தக் கடைசி மாதங்களில் அவர் எழுதிய குறிப்புகள் 1991-இல் நூலாக வந்தன. தன்மீதும் இரு தரப்பின்மீதும் கசப்பு வழியும் துண்டுகள். வாக்கியத்தை மேற்கோள் காட்டும் பத்துப் பேரில் ஒருவராவது அந்நூலைத் தேடியிருப்போமா?

நண்பர்கள் என்றோம். சலமாங்கா நகர மேயரும் மருத்துவப் பேராசிரியருமான காஸ்தோ பிரியெத்தோ கர்ராஸ்கோ ஜூலை இறுதியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அரபு அறிஞர் சல்வதோர் விலா உனாமுனோவின் மாணவர், கிரனாதாப் பல்கலைக்கழகத்தின் ரெக்டர். அந்த அக்டோபர் முதல் வாரத்தில் சலமாங்காவில் பிடிக்கப்பட்டு, மாதம் முடிவதற்குள் கிரனாதா அருகே விஸ்னாரில் கொல்லப்பட்டார். ஆக, மண்டபத்தில் அன்று பேசப்பட்டது பொதுவான அறிவு, பொதுவான ஆற்றல் பற்றிய தத்துவ விவாதம் அன்று. குறிப்பிட்ட சில மனிதர்களின் உயிர் பற்றிய பேச்சு.

சரி, மண்டபக் காட்சிக்குப் பிறகு என்ன? தொன்மத்தில் திரை அங்கே விழுந்துவிடுகிறது. நாம் கைதட்டி எழுந்துவிடுகிறோம். நடந்ததோ வேறு. அடுத்த நாள் நகரமன்றம் அவரை உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கியது. அக்டோபர் 14 அன்று பல்கலைக்கழகப் பேராசிரியர் அவை கூடியது. கூடி, தம் ரெக்டர்மேல் இருந்த நம்பிக்கையை விலக்கிக்கொள்வதாக முடிவெடுத்தது. ஃபிராங்கோவின் பதவிநீக்க ஆணை அதற்குப் பிறகுதான், 22-ஆம் தேதி, வந்தது. வரிசையைக் கவனியுங்கள். துப்பாக்கி முதலில் பேசவில்லை. சக ஆசிரியர்கள் முதலில் பேசினார்கள். முறைப்படி, கூட்டக் குறிப்பேட்டில், ஒப்பமிட்டு. 1572-இல் எப்படியோ 1936-இலும் அப்படியே. சலமாங்காவின் உண்மையான வாக்கியங்கள் அந்தக் குறிப்பேடுகளில் இருக்கின்றன. அவை மேற்கோளுக்கு உகந்தவை அல்ல. 18 ஆண்டுகள் கழித்து, 1954-இல், அதே பல்கலைக்கழகம் ஃபிராங்கோவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

இன்று சட்டத்துறையும் மருத்துவத்துறையும் இயங்கும் வளாகத்தின் பெயர் மிகெல் தெ உனாமுனோ வளாகம். பழைய நகரின் பொன்னிறக் கற்களிலிருந்து விலகி நிற்கும் நவீனக் கட்டடங்கள். சமோராவில் உள்ள வளாகம் பழைய படைமுகாம் ஒன்றுக்குள் இயங்குகிறது. கம்பளி நெசவுக்குப் பெயர்பெற்ற பெஹாரில் பொறியியல் பள்ளி, ஆவிலாவில் இன்னொரு வளாகம். 1218-இல் லெயோன் அரசர் ஒன்பதாம் அல்ஃபோன்சோ நிறுவிய கல்விக்கூடம் இன்று இவ்வளவும் சேர்ந்ததுதான். சுற்றுலாக் கையேடும் நம் கட்டுரைகளும் முகப்பையும் மண்டபத்தையும் தாண்டிப் போவதில்லை. பல்கலைக்கழகம் என்பது நியமிப்பவர்கள், வாக்களிப்பவர்கள், ஒப்பமிடுபவர்கள், வாய்மூடி இருப்பவர்கள் ஆகியோரின் கூட்டம் என்பதை மறக்க முகப்பு பெரிதும் உதவுகிறது.

உண்மை நடந்ததா என்பதைவிட அது சுட்டும் ஆழ்ந்த உண்மை முக்கியம் என்று ஒரு வாதம் தயாராக இருக்கும். புராணத்துக்கு அது பொருந்தும். இங்கே பொருந்தாது. ஏனென்றால் இங்கே மறைக்கப்படுவது நடந்த ஒன்று. பெயருள்ள ஒன்று. இந்த ஆழ்ந்த உண்மைக்காரர்கள் ஒரு தொன்மம் தமக்குப் பிடிக்காதபோது மட்டும் சான்று கேட்பார்கள் என்பதையும் கண்டிருக்கிறோம். கொலம்பஸிடம் பூமி தட்டை என்று சலமாங்கா அறிஞர்கள் வாதிட்டார்கள் என்ற கதையும் உண்டே. வாஷிங்டன் இர்விங் 1828-இல் எழுதிய கொலம்பஸ் வரலாறு பரப்பிய கதை அது. பூமி உருண்டை என்பதை அக்கால அறிஞர்கள் அறிந்தே இருந்தார்கள். ஆசியாவுக்கான தூரத்தைக் கொலம்பஸ் மிகக் குறைத்துக் கணக்கிட்டிருந்தார். ஐயம் எழுப்பியவர்கள் பக்கமே கணக்கு சரியாக இருந்தது. நடுவில் யாரும் எதிர்பாராத ஒரு கண்டம் குறுக்கிட்டதால் அவர் பிழைத்தார். பல்கலைக்கழகத்தை இழிவுபடுத்தும் பொய்யும் உயர்த்தும் பொய்யும் ஒரே உலையில் வார்த்தவைதாம். அங்கேயும் ஒற்றை வீரன், எதிரே மூடக் கூட்டம்.

சலமாங்காவில் மெய்யாகவே சொல்லப்பட்ட சொற்கள் வேண்டுமென்றால் இருக்கின்றன. ஃபிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, தொமினிக்கர், 1526 முதல் 1546 வரை இறையியலின் முதன்மை இருக்கையில் இருந்தவர். 1539-இல் அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றி அவர் நிகழ்த்திய விரிவுரையில், ஸ்பானியர் வருவதற்கு முன்பு அம்மக்களே தம் நிலத்துக்கு உண்மையான உடைமையாளர்கள் என்றார். பேரரசர் உலகத்தின் தலைவர் அல்லர் என்றார். போப்பாண்டவருக்கும் உலகியல் விஷயங்களில் அப்படிப்பட்ட அதிகாரம் இல்லை என்றார். எதிரே ஜெனரல் யாரும் இல்லை. கூச்சல் இல்லை. லத்தீனில், எண்ணிட்ட வாதங்களாக, சலிப்பூட்டும் ஒழுங்கோடு சொன்னார். அவ்வாண்டு நவம்பரிலேயே பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் அவருடைய மடத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதி, இத்தகைய பேச்சுகளை நிறுத்தச் சொன்னார். வித்தோரியா தம் விரிவுரைகளை அச்சிட்டதில்லை. அவர் இறந்து 11 ஆண்டுகளுக்குப் பின், 1557-இல், மாணவர்கள் எடுத்த குறிப்புகளிலிருந்து அவை லியோனில் நூலாக வந்தன. கேட்டவர்கள் எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்த சொற்கள்.

அவரை ஏன் நாம் மேற்கோள் காட்டுவதில்லை? காரணம் வெளிப்படை. அவ்விரிவுரையின் பிற்பகுதியில், பயணம் செய்யவும் வணிகம் நடத்தவும் மதத்தைப் போதிக்கவும் ஸ்பானியருக்கு உரிமை உண்டு, அதைத் தடுத்தால் போர் தொடுக்கலாம் என்றும் அவர் வாதிடுகிறார். முன்வாசலில் மூடிய கதவைக் கொல்லைப்புறத்தில் திறந்துவிடுகிறார். அவரை வீரராக்க முடியாது, வில்லனாக்கவும் முடியாது. முழுதும் படித்து, பக்கத்துக்குப் பக்கம் சண்டை போட வேண்டும். ஒரு வாக்கியத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட முடியாது.

அக்டோபர் 12-இன் காகிதத்துக்குத் திரும்புவோம். அதன் ஒருபுறத்தில் உனாமுனோவின் கிறுக்கல். அதைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். அக்கடிதத்தை எழுதியவர் என்ரிகெத்தா கர்போனெல் என்ற பெண். அவருடைய கணவர் அத்திலானோ கோகோ, சலமாங்காவில் புரோட்டஸ்டண்டு போதகர், உனாமுனோவின் நண்பர். சிறையில் இருந்த கணவருக்காகத் தலையிடும்படி ரெக்டரைக் கேட்டு எழுதிய கடிதம் அது. வேறு காகிதம் கைக்கு அகப்படாததால் அதன்மேல் எழுதினாரா, அந்தக் கடிதமே அவரை எழுந்து நிற்கச் செய்ததா என்று விவாதித்துக்கொண்டே இருக்கலாம். கோகோ அவ்வாண்டு டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். உனாமுனோ அதே டிசம்பர் 31 மாலை தம் வீட்டில் இறந்தார். அவருடைய சவப்பெட்டியைத் தூக்கிச் சென்றவர்கள் ஃபலாங்கே கட்சிக்காரர்கள்.